நீக்கப்பட்டவற்றின் பட்டியல்: எக்ஸ்சேஞ்ச் சர்வர் பதிப்புகளும் நிர்வாகியின் பணியும்

மின்னஞ்சல் சர்வர் மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரும்போது அதனுடன் இரண்டு பட்டியல்கள் வருவது வழக்கம். ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டவற்றைச் சொல்வது, மற்றொன்று நீக்கப்பட்டவற்றையும் கைவிடப்பட்டவற்றையும் சொல்வது. முதலாவது விற்பனைக் கூட்டங்களில் திரையிடப்படுகிறது; இரண்டாவது ஆவணங்களின் உட்பக்கங்களில் கிடக்கிறது. ஆயினும் அந்த மென்பொருளை நாள்தோறும் இயக்கிக் காக்கும் நிர்வாகிக்குப் பதிப்பு மாற்றத்தின் உண்மையான பொருள் இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது. சேர்க்கப்பட்டதைக் கற்கத் தாமதித்தால் ஒரு வசதி சில மாதங்கள் பயன்படாமல் கிடக்கும், அவ்வளவே. நீக்கப்பட்டதை அறியாமல் இருந்துவிட்டால் மாற்றம் முடிந்த மறுநாள் காலையில் அலுவலகத்திற்கு அஞ்சல் வராது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் சர்வர் 1996-இல் 4.0 என்ற எண்ணோடு அறிமுகமானது முதல், 2025 ஜூலையில் ‘சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன்’ என்ற பெயரோடு வெளியானது வரையிலான ஏறத்தாழ முப்பது ஆண்டுகளை ஒரு நிர்வாகியின் நிலையிலிருந்து பார்த்தால் இது தெளிவாக விளங்கும்.

அஞ்சல் சர்வர் என்று ஒரே பெயரால் குறிக்கப்படுவது நான்கு வேலைகளின் தொகுப்பு. பயனர்கள் யார், அவர்களுடைய முகவரி என்ன, யாருடைய மெயில்பாக்ஸ் எந்தச் சர்வரில் இருக்கிறது என்பனவற்றைப் பதிந்து வைத்திருக்கும் டைரக்டரி. அஞ்சல்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம், இதனை நிர்வாகிகள் ‘ஸ்டோர்’ என்பர். அஞ்சலை உள்ளேயும் வெளியேயும் கொண்டுசெல்லும் போக்குவரத்துப் பகுதி. அவுட்லுக், இணைய உலாவி, கைபேசி ஆகியவை வந்து இணையும் வாயில். எக்ஸ்சேஞ்சின் பெரிய பதிப்புகள் பெரும்பாலும் இந்நான்கில் ஏதேனும் ஒன்றை அடித்தளத்தோடு மாற்றியிருக்கின்றன. அப்படி மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு பொறுப்பு நிர்வாகியின் கையிலிருந்து மென்பொருளுக்குப் போயிருக்கிறது, அல்லது மென்பொருள் தனக்குள் மறைத்துவைத்திருந்த ஒன்று நிர்வாகியின் தலைமேல் வந்து விழுந்திருக்கிறது.

முதலில் அகன்றது டைரக்டரி. 1997-இல் வந்த 5.5 பதிப்பு வரை எக்ஸ்சேஞ்ச் தனக்கென ஒரு டைரக்டரியை வைத்திருந்தது, விண்டோஸ் என்.டி.-யின் பயனர் கணக்கு ஓரிடத்திலும் அதற்குரிய மெயில்பாக்ஸின் விவரம் வேறோரிடத்திலும் இருந்தன. எக்ஸ்சேஞ்ச் 2000 அந்தச் சொந்த டைரக்டரியை முற்றிலும் விட்டுவிட்டு, விண்டோஸ் 2000 உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரியையே தன் பதிவேடாக ஏற்றுக்கொண்டது. நிறுவனம் முழுமைக்கும் பொதுவான இந்தப் பதிவேட்டில்தான் கணினிகளும் கணக்குகளும் கடவுச்சொற்களும் இருக்கின்றன என்பதால், அதுவரை தன் சர்வருக்குள் தனியாட்சி செய்த அஞ்சல் நிர்வாகி, டொமைன் கன்ட்ரோலர்களையும் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டி.என்.எஸ். அமைப்பையும் பராமரிக்கும் வேறொரு குழுவைச் சார்ந்து நிற்க வேண்டியதாயிற்று. டி.என்.எஸ்.-இல் ஒரு பிழையான பதிவு இருந்தால் அஞ்சல் சேவை தொடங்கவே மறுக்கும். பதிப்பு மாற்றத்தின் முதற்படியும் அன்று முதல் சர்வரில் நிகழாமல் டைரக்டரியில் நிகழ்கிறது: பதிவேட்டில் எவ்வகைத் தகவல்களை எழுதலாம் என்ற இலக்கணமான ‘ஸ்கீமா’வை விரிவுபடுத்திய பிறகே புதிய பதிப்பை நிறுவ முடியும். இந்த விரிவாக்கம் நிறுவனத்தின் டைரக்டரி முழுவதற்கும் பொருந்துவது. செய்தபின் அதைத் திரும்பப் பெறும் கட்டளை எதுவும் இல்லை. ஆகவே இதற்கு முன் டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று சரியாகத் தகவல் பரிமாறிக்கொள்கின்றனவா என்று சோதிப்பதும், மீட்கத்தக்க பேக்கப் கையில் இருக்கிறதா என்று உறுதி செய்வதும் தேர்ந்த நிர்வாகிகள் ஒருபோதும் தவிர்க்காத வேலைகள்.

ஆனால் நீக்கப்பட்ட டைரக்டரி முழுவதும் மறைந்துவிடவில்லை. 5.5 காலத்தில் ஒவ்வொரு பயனருக்கும் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட நீண்ட உட்பெயர் ஒன்று இருந்தது. ‘லெகஸி எக்ஸ்சேஞ்ச் டி.என்.’ என்ற பெயரில் அது ஆக்டிவ் டைரக்டரிக்குள்ளும் கொண்டுசெல்லப்பட்டது, இன்றளவும் இருக்கிறது. ஒரே நிறுவனத்திற்குள் அனுப்பப்படும் அஞ்சலில் அவுட்லுக் குறித்துக்கொள்வது பார்வைக்குத் தெரியும் மின்னஞ்சல் முகவரியை அன்று, இந்த உட்பெயரையே. ஒருவரின் மெயில்பாக்ஸை நீக்கிவிட்டு அதே முகவரியோடு மீண்டும் உருவாக்கினாலோ, நிறுவன இணைப்பின்போது வேறு டைரக்டரிக்கு மாற்றினாலோ, முகவரி அதுவாகவே இருக்க உட்பெயர் மட்டும் புதிதாகிவிடுகிறது. அவருடைய பழைய அஞ்சலுக்குச் சக ஊழியர் ஒருவர் பதில் எழுதினால், அல்லது அவுட்லுக் தானாக நிரப்பித்தரும் பெயரைத் தேர்ந்து அனுப்பினால், 5.1.1 என்ற பிழை எண்ணோடு அஞ்சல் திரும்பிவரும். அந்தத் திருப்பறிக்கையில் ‘ஐ.எம்.சி.இ.ஏ.இ.எக்ஸ்.’ என்று தொடங்கும், எவருக்கும் புரியாத நெடிய முகவரி ஒன்று இருக்கும். அதில் அடிக்கோடு வரும் இடங்களில் சாய்கோட்டையும், +20 வரும் இடங்களில் இடைவெளியையும், +28, +29 வரும் இடங்களில் பிறை அடைப்புகளையும் இட்டு, கடைசியில் உள்ள டொமைன் பெயரை நீக்கினால் பழைய உட்பெயர் வெளிப்படும். அதனைப் பயனரின் கணக்கில் எக்ஸ்500 வகை முகவரியாகச் சேர்த்தவுடன் அஞ்சல் போய்ச் சேரும். மைக்ரேஷன் திட்டத்தில் இந்த ஒரு பண்புக்கூற்றை முன்கூட்டியே எழுதிச் சேர்த்துக்கொள்ளாத குழு, மாற்றம் முடிந்த பின் வாரக்கணக்கில் இதே புகாரைத் தனித்தனியாகத் தீர்த்துக்கொண்டிருக்க நேரும்.

சேமிப்புத் துறையில் நிகழ்ந்த மாற்றங்கள் இன்னும் ஆழமானவை. தொடக்கப் பதிப்புகளில் தரவுத்தளத்தின் உச்சவரம்பு 16 ஜிபி. பெரிய நிறுவனங்களுக்கான எண்டர்பிரைஸ் பதிப்பில் 5.5 முதல் அந்த வரம்பு நீங்கியது. சிறு, நடுத்தர நிறுவனங்கள் வாங்கிய ஸ்டாண்டர்டு பதிப்பிலோ அது நீடித்தது. எல்லையைத் தொட்ட ஸ்டோர் எச்சரிக்கையோடு நின்றுவிடாமல் தன்னையே மூடிக்கொள்ளும்; ஆகவே அந்நாளைய நிர்வாகியின் அன்றாட வேலையில் ஒரு பகுதி, பயனர்களிடம் பழைய அஞ்சல்களை நீக்கச் சொல்லி இறைஞ்சுவதாகவே இருந்தது. எக்ஸ்சேஞ்ச் 2003-இன் இரண்டாம் சர்வீஸ் பேக் 2005-இல் இவ்வரம்பை 75 ஜிபி ஆக உயர்த்தியது. அடுத்து வந்த எக்ஸ்சேஞ்ச் 2007 உற்பத்திப் பயன்பாட்டில் 64-பிட் கணினிகளில் மட்டுமே இயங்கும் என்று அறிவிக்கப்பட்டபோது பலர் இதனை வன்பொருள் செலவாக மட்டும் கண்டனர். உண்மையில் அது வட்டின் சுமையை நினைவகத்திற்கு மாற்றிய திருப்பம். 32-பிட் அமைப்பில் ஸ்டோருக்குக் கிடைத்த நினைவகம் மிகக் குறுகியதாக இருந்ததால் ஒவ்வொரு தேவைக்கும் வட்டைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. எல்லை விரிந்தபின் பெரும்பகுதி நினைவகத்திலேயே தங்கியது. தரவுத்தளம் ஒரு முறைக்குப் படிக்கும் பக்கத்தின் அளவும் 2003-இல் 4 கேபி, 2007-இல் 8 கேபி, 2010-இல் 32 கேபி என்று வளர்ந்தது. விலையுயர்ந்த வேக வட்டுகளை அடுக்கடுக்காகக் கணக்கிட்டு வாங்கும் திறமையே அஞ்சல் நிர்வாகியின் பெருமையாக இருந்த காலம் அத்துடன் முடிந்து, சாதாரணமான பெருங்கொள்ளளவு வட்டுகளே போதும் என்ற நிலை 2010-இல் வந்தது.

இந்த முன்னேற்றத்திற்குத் தரப்பட்ட விலை ‘சிங்கிள் இன்ஸ்டன்ஸ் ஸ்டோரேஜ்’ என்ற வசதி. ஒரே தரவுத்தளத்தில் உள்ள நூறு பேருக்கு 10 எம்பி இணைப்போடு ஓர் அஞ்சல் அனுப்பினால், பழைய பதிப்புகள் அதன் ஒரே படியை வைத்துக்கொண்டு நூறு மெயில்பாக்ஸ்களிலிருந்தும் அதைச் சுட்டும். 2007-இல் இணைப்புகளுக்கு மட்டும் என்று சுருங்கிய இவ்வசதி 2010-இல் முழுவதும் நீக்கப்பட்டது. ஒரு பயனரின் தரவு வட்டில் அடுத்தடுத்து இருந்தால்தான் விரைவாகப் படிக்க முடியும் என்பது அதற்கான காரணம். உரைப் பகுதியைச் சுருக்கி வைக்கும் முறை இழப்பில் ஒரு பங்கை ஈடுசெய்தது என்றாலும், இணைப்புகள் மிகுந்த நிறுவனங்களில் பழைய தரவுத்தளத்தின் அளவைப் பார்த்துப் புதிய வட்டின் அளவை நிர்ணயித்தவர்களின் கணக்கு தவறிற்று. கணக்கின் அடிப்படையாக இருக்க வேண்டியது தரவுத்தளக் கோப்பின் அளவன்று, தனித்தனி மெயில்பாக்ஸ்களின் கூட்டுத்தொகை.

இதோடு ஒட்டிய மற்றொரு பொருள் லாக் கோப்புகள். எக்ஸ்சேஞ்சின் தரவுத்தள இயந்திரம் எந்த மாற்றத்தையும் முதலில் லாக் கோப்பில் எழுதிவிட்டுப் பின்னரே தரவுத்தளத்தில் பதிக்கும். மின்தடை நேர்ந்தால் லாக்கை மறுபடி ஓட்டி விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது இதன் பயன். 2003 வரை ஒரு லாக் கோப்பு 5 எம்பி. 2007 முதல் 1 எம்பி. பேக்கப் வெற்றியாக முடிந்தால்தான் தேவையற்ற லாக்குகள் நீக்கப்படும் என்பது எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான இயல்பு விதி. மெயில்பாக்ஸ்களைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது, மாற்றப்படும் ஒவ்வொரு பைட்டும் புதிய சர்வரில் புதிதாக எழுதப்படும் தரவே. ஆகவே 500 ஜிபி அஞ்சல் மாறினால் குறைந்தது அதே அளவு லாக், அதாவது 1 எம்பி கோப்புகளாக 5 லட்சத்திற்கு மேல், அங்கே குவியும். வெள்ளிக்கிழமை மாலையில் மூவ் ரிக்வெஸ்ட்டுகளை மொத்தமாகத் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போன குழு, நள்ளிரவில் லாக் வட்டு நிரம்பி, தரவுத்தளம் தானாகவே மூடிக்கொண்ட செய்தியோடு எழுப்பப்படுவது இத்தொழிலில் மிகச் சாதாரணமாகக் கேட்கும் கதை. அந்த அவசரத்தில் லாக் கோப்புகளைக் கையால் அழிக்கும் ஆசை எழும். அதற்கு இடம்கொடுக்கவே கூடாது. இன்னும் தரவுத்தளத்தில் பதியாத லாக் ஒன்று அழிந்தாலும் தரவுத்தளம் ‘டர்ட்டி ஷட்டவுன்’ நிலையில் நின்று, ‘எசியூட்டில்’ என்ற கருவியால் பழுதுபார்க்க வேண்டிய, தரவிழப்புக்கு இடமுள்ள நிலைக்குப் போய்விடும். மாற்றக் காலத்தில் மட்டும் பழைய லாக்குகளைத் தானாகவே நீக்கிக்கொள்ளும் ‘சர்குலர் லாகிங்’ முறையை இயக்கி, முடிந்த உடனே அதை நிறுத்தி, முழு பேக்கப் எடுத்துவிடுவது அனுபவத்தில் தேறிய வழி. அது இயங்கும் வேளையில் விபத்து நேர்ந்தால் கடைசி பேக்கப் வரைதான் மீட்க முடியும் என்பதால் மூல மெயில்பாக்ஸ்கள் பழைய சர்வரில் உயிரோடு இருக்கும் காலத்திற்கே அது பொருந்தும்.

எக்ஸ்சேஞ்ச் 2007 நிர்வாகிகளின் கையிலிருந்த கருவியையும் மாற்றியது. சுட்டியால் சொடுக்கி வேலை செய்யும் திரை தொடர்ந்து இருந்தாலும், அதன் பின்னால் இயங்கியது பவர்ஷெல் என்ற கட்டளைமொழி. திரையில் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஒரு கட்டளையாகவே நிறைவேறி, முடிவில் அந்தக் கட்டளையின் வாசகத்தையும் காட்டியது. இந்தச் சிறு வசதி ஒரு தலைமுறை நிர்வாகிகளுக்கு ஆசிரியராக அமைந்தது என்றே சொல்ல வேண்டும்: முதலில் சொடுக்குவர், பிறகு வாசகத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்வர், அடுத்த முறை அதையே நூறு பயனர்களுக்கு ஓட்டுவர். எக்ஸ்சேஞ்ச் 2013 அந்தத் திரையை நீக்கி உலாவியில் இயங்கும் நிர்வாக மையத்தைக் கொண்டுவந்தபோது வாசகம் காட்டும் வசதி தொடக்கத்தில் இல்லாமல் போயிற்று. அதன் முதல் சர்வீஸ் பேக்கில்தான் கட்டளைப் பதிவாகத் திரும்பிவந்தது. மேலும் 2007 முதல் பல அமைப்புகளைக் கட்டளையால் மட்டுமே மாற்ற முடியும் என்ற நிலை வந்ததால், பவர்ஷெல்லைத் தள்ளிப்போட்டவர்கள் தொழிலில் பின்தங்கினர். பதிப்பு மாற்றங்களால் நிர்வாகிகள் அடைந்த பேறுகளில் இதுவே தலையாயது. ஏனெனில் நிறுவனங்களின் அஞ்சல் சொந்தச் சர்வரை விட்டுக் கிளவுடுக்குச் சென்றபின் அங்கும் அதே கட்டளைகளில் பெரும்பாலானவை நிலைத்தன.

அதே 2007 பதிப்பு சர்வரின் வேலைகளை ஐந்து ரோல்களாகப் பிரித்தது: மெயில்பாக்ஸ், கிளையன்ட் ஆக்சஸ், ஹப் டிரான்ஸ்போர்ட், எட்ஜ் டிரான்ஸ்போர்ட், யூனிஃபைடு மெசேஜிங். நினைவகமும் செயலியும் விலை மிகுந்திருந்த காலத்தின் பிரிவினை அது. விலை குறைந்ததும் 2013-இல் உள்ளக ரோல்கள் இரண்டாகச் சேர்ந்தன, 2016-இல் எட்ஜ் தவிர எல்லாம் ஒன்றாயின. சரியான அமைப்பு எது என்று ஒவ்வொரு காலத்திலும் அடித்துச் சொல்லப்பட்டது மூன்றே பதிப்புகளுக்குள் தலைகீழானதைக் கண்டவர்கள், எந்தக் கட்டமைப்புப் பரிந்துரையையும் அதன் காலத்து வன்பொருள் விலையோடு சேர்த்தே படிக்கக் கற்றுக்கொண்டனர்.

சான்றிதழ்களும் பெயர்களும் தனிக் கவனம் பெற வேண்டியவை. 2007-க்கு முன் அவுட்லுக்கில் சர்வரின் பெயரைக் கையால் தட்டச்சு செய்தாக வேண்டும். கூட்டத்திற்கு ஒருவர் ஓய்வாக இருக்கிறாரா என்ற தகவல் பப்ளிக் ஃபோல்டர் என்ற பொதுக் கோப்புறையில் இருந்தது. 2007 இவ்விரண்டையும் இணையச் சேவைகளாக மாற்றி, சர்வரைத் தானே கண்டுபிடிக்கும் ‘ஆட்டோடிஸ்கவர்’ முறையைக் கொண்டுவந்தது. நிறுவும்போது, அவுட்லுக் 2003 அல்லது அதற்கு முந்தையது பயன்படுத்துவோர் இருக்கிறார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கப்படும். அதற்கான விடையைப் பொறுத்துத்தான் பப்ளிக் ஃபோல்டர் தரவுத்தளம் உருவாகும் என்பதை அறியாமல் ‘இல்லை’ என்று சொடுக்கியவர்களின் அலுவலகத்தில் பழைய அவுட்லுக்குகள் சிக்கலில் மாட்டின. இணையச் சேவை என்றாலே மறைகுறியாக்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் உள்ள பெயரும் அவுட்லுக் தேடிவரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அதுவரை பாதுகாப்புக் குழுவின் வேலையாக இருந்த சான்றிதழ் அன்று முதல் அஞ்சல் நிர்வாகியின் நாட்காட்டியில் ஏறியது. பல நிறுவனங்கள் ‘லோக்கல்’ என்று முடியும் உட்பெயர்களையும் சான்றிதழில் சேர்த்து ஓட்டிவந்தன. 2015 நவம்பர் 1-க்குப் பின் அத்தகைய உட்பெயர்களுக்குப் பொதுச் சான்றிதழ் கிடையாது என்று சான்றிதழ் வழங்குநர்களும் உலாவித் தயாரிப்பாளர்களும் வகுத்த விதியால், வெளியிலும் உள்ளேயும் ஒரே பெயர் என்ற ஒழுங்குக்கு எல்லோரும் வந்து சேர நேர்ந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை அருகில் நின்று பார்ப்பது நல்லது. புதிய பதிப்பின் முதல் சர்வரை நிறுவும் வேலை முடிந்த கணத்திலேயே, இன்னும் ஒரு மெயில்பாக்ஸ்கூட அதில் இல்லாத நிலையிலும், அச்சர்வர் தன் பெயரை ஆக்டிவ் டைரக்டரியில் ஆட்டோடிஸ்கவர் முகவரியாகப் பதிந்துவிடுகிறது. அலுவலகத்தின் அவுட்லுக்குகள் அந்தப் பதிவைப் படித்துப் புதிய சர்வரைத் தொடும். அங்கே இருப்பதோ நிறுவும்போது தானாக உண்டான, எவரும் நம்பாத சான்றிதழ். விளைவாக, மைக்ரேஷன் தொடங்கவே இல்லை என்று நிர்வாகி எண்ணிக்கொண்டிருக்கும் வேளையில் பயனர்களின் திரைகளில் பாதுகாப்பு எச்சரிக்கை தோன்றத் தொடங்கும். நிறுவல் முடிந்தவுடன், வேறெதையும் செய்வதற்கு முன், அந்த உள்முகவரியை ஏற்கெனவே இயங்கிவரும் பொதுப்பெயருக்கு மாற்றும் ஒற்றைக் கட்டளையை ஓட்டிவிட்டால் இது நிகழாது. நிறுவலைப் பணி நேரத்திற்கு வெளியே வைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

உயர் கிடைப்புநிலை, அதாவது ஒரு சர்வர் விழுந்தாலும் சேவை நிற்காமல் இருக்கும் ஏற்பாடு, 2010-இல் வந்த ‘டேட்டாபேஸ் அவெய்லபிலிட்டி குரூப்’ முறையால் முழுமை பெற்றது. 16 சர்வர்கள் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒரே தரவுத்தளத்தின் படிகளைத் தம்முள் பகிர்ந்து வைத்துக்கொண்டு, ஒன்று செயலிழந்தால் மற்றொன்று தானாக ஏற்கும் இந்த முறை அடிப்படையில் இன்றுவரை மாறவில்லை. வாயில் பகுதி மட்டும் மாறியது: 2013-இல் அவுட்லுக் நேரடியாக ஆர்.பி.சி. வழியில் இணைவது நீக்கப்பட்டு எல்லாம் எச்.டி.டி.பி.எஸ். வழியாயிற்று; அவுட்லுக்கில் சர்வர் பெயர் இருந்த இடத்தில் மெயில்பாக்ஸின் நெடிய அடையாள எண் வந்து நின்றது. பெயரைப் பார்த்தே எந்தச் சர்வரில் கோளாறு என்று தொலைபேசியில் கண்டுபிடித்துவந்த உதவிமைய ஊழியர்களுக்கு அந்தக் குறிப்பு இல்லாமல் போனது.

2013-க்குப் பின் மாற்றத்தின் வேகமே மாறிற்று. முன்பு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பதிப்பு, இடையில் சர்வீஸ் பேக் என்றிருந்தது போய், மூன்று மாதத்திற்கு ஒரு ‘கியுமுலேட்டிவ் அப்டேட்’ என்றாகி, 2022 முதல் ஆண்டுக்கு இரண்டு என்று தளர்ந்தது. சி.யு. என்று சுருக்கி அழைக்கப்படும் இது சிறு பேட்ச் அன்று. முழு மென்பொருளையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதற்குச் சமமானது. இணையக் கோப்புறைகளில் உள்ள வெப்.கான்ஃபிக் கோப்புகளில் பெரிய அஞ்சல்களுக்காக நிர்வாகி கையால் செய்துவைத்த மாற்றங்கள் அதில் அழிந்துபோகும். நிறுவல் நடக்கும்போது சர்வரின் உறுப்புகள் யாவும் ‘செயலற்றவை’ என்று குறிக்கப்படும். நிறுவல் பாதியில் தோற்றால் அக்குறி அப்படியே நின்றுவிடும். சர்வீஸ்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், ஈவன்ட் லாகில் பெரிய பிழை இருக்காது, ஆனால் ஓர் அஞ்சலும் நகராது. உறுப்புகளின் நிலையைக் காட்டும் கட்டளையை அறிந்தவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பதை அறியாதவர் ஓர் இரவெல்லாம் தேடுவார். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்துகொண்டு அமெரிக்க நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிக்கும் குழுக்களுக்கு அங்குள்ள சனி இரவுப் பராமரிப்பு நேரம் இங்கே ஞாயிறு காலை, சி.யு. அடிக்கடி வருவது என்றால் ஞாயிற்றுக்கிழமைகள் அடிக்கடி போவது என்று பொருள். ஆகவே பல இடங்களில் அதைத் தள்ளிப்போடும் பழக்கம் வளர்ந்ததில் வியப்பில்லை.

அந்தப் பழக்கத்தின் ஆபத்து 2021 மார்ச் 2 அன்று வெளிப்பட்டது. கடவுச்சொல் இன்றியே சர்வருக்குள் நுழைய வழிவிட்ட, ‘பிராக்ஸிலாகன்’ என்று பெயர்பெற்ற பலவீனத்திற்கு அன்று அவசரப் பேட்ச் வெளியாயிற்று. ஆனால் அது ஆதரவில் இருந்த அண்மைய சி.யு.-களுக்கு மட்டுமே முதலில் கிடைத்தது. பின்தங்கியிருந்தவர்கள் முதலில் சி.யு. ஏற்ற வேண்டும், அதற்கு முன் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கை உயர்த்த வேண்டும், பழைய சி.யு. அந்த உயர்ந்த டாட்நெட்டை ஏற்காவிட்டால் இடையில் வேறொரு சி.யு.-வைப் படியாக வைத்து ஏற வேண்டும். இவையெல்லாம் தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே செய்ய வேண்டியிருந்தன. சில நாட்களில் பழைய சி.யு.-களுக்கும் பேட்ச் வந்தது என்றாலும் அதற்குள் பல சர்வர்களில் அந்நியர் வைத்த வெப் ஷெல் எனப்படும் பின்வாசல் கோப்புகள் இருந்தன. பேட்ச் போட்டதும் அவை தாமாக அகலா, தேடி நீக்க வேண்டும். அந்தப் பேட்ச் கோப்பை நிர்வாகி உரிமையோடு தொடங்காமல் வெறுமனே இருமுறை சொடுக்கினால் சில கோப்புகள் புதுப்பிக்கப்படாமலே, பிழை ஏதும் காட்டாமல் முடிந்துவிடும் என்பது அதிலும் ஒரு கண்ணி.

அடுத்த ஆண்டின் முதல் நாள் வேறு வகையில் பாடம் தந்தது. 2016, 2019 பதிப்புகளில் தீநிரல்களைச் சோதிக்கும் பகுதி தன் பதிப்பெண்ணைத் தேதியின் வடிவில் வைத்திருந்தது. 2022 பிறந்ததும் அந்த எண் 2201010001 ஆயிற்று. அதை ஏற்கும் 32-பிட் இடத்தின் உச்சம் 2147483647. எண் கொள்ளாமல் சோதனைப் பகுதி செயலிழக்க, அஞ்சல்கள் வெளியேறாமல் க்யூவில் தேங்கின. சர்வரில் எவரும் எதையும் தொடாமலே இது நேர்ந்தது. தற்காலிகமாகச் சோதனையை நிறுத்தி அஞ்சலை விடுவித்துவிட்டு, பிறகு மைக்ரோசாஃப்ட் தந்த ஸ்கிரிப்டை ஒவ்வொரு சர்வரிலும் ஓட்டிச் சோதனையை மீண்டும் இயக்க வேண்டியிருந்தது.

மனிதர்கள் பயன்படுத்தும் அவுட்லுக்கைப் பற்றியே எல்லாத் திட்டங்களும் பேசுகின்றன; சர்வர் வழியாக அஞ்சல் அனுப்பும் இயந்திரங்களைப் பற்றிப் பேசுவது அரிது. ஸ்கேன் செய்து அஞ்சலில் அனுப்பும் நகல் இயந்திரம், சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள், பேக்கப் அறிக்கை, கண்காணிப்புக் கருவி ஆகியவை பழைய சர்வரின் ஐ.பி. முகவரியை நேராகவே எழுதி வைத்திருக்கும். 2003-இல் அனுமதிப் பட்டியலில் இருந்த இவற்றை 2007-இல் ரிசீவ் கனெக்டரில் தனி உரிமையோடு மறுபடி அமைக்க வேண்டியிருந்தது, இயல்பாக டி.எல்.எஸ். 1.2-ஐ மட்டுமே ஏற்கும் 2019-இல் பழைய குறியாக்கத்தோடு பேசும் இயந்திரங்கள் தோற்றன. பழைய சர்வரை அணைப்பதற்கு முன் அதன் எஸ்.எம்.டி.பி. லாகை இயக்கி, மாதக் கடைசி வேலைகளும் அகப்படும்படி ஒரு முழு மாதம் வைத்திருந்து, அதில் வரும் ஒவ்வொரு ஐ.பி.-யும் யாருடையது என்று கண்டறிவதே நம்பத்தக்க முறை. 2019 நீக்கியவற்றுள் யூனிஃபைடு மெசேஜிங்கும் ஒன்று. குரல் அஞ்சலை மெயில்பாக்ஸில் பெற்றுவந்த நிறுவனங்கள் தொலைபேசி அமைப்பையே மறுபரிசீலனை செய்யாமல் அப்பதிப்புக்கு வர இயலவில்லை.

பதிப்பு விட்டுப் பதிப்பு தாவுவதற்கும் எல்லை உண்டு. ஒரு புதிய பதிப்பு தனக்கு முந்தைய இரண்டு பதிப்புகளோடு மட்டுமே ஒரே அமைப்பில் சேர்ந்து இயங்கும் என்பது நெடுங்கால வழக்கம். 2003-இலிருந்து 2013-க்கு வர விரும்பியவர்கள் 2007 அல்லது 2010-ஐ இடையில் நிறுத்தி, எல்லா மெயில்பாக்ஸ்களையும் இரண்டு முறை நகர்த்தினர். 5.5-இலிருந்து 2000-க்கும் அதிலிருந்து 2003-க்கும் அதே சர்வரில் மேலேற்றம் செய்ய முடிந்தது. 2007 முதல் ஒவ்வொரு பதிப்புக்கும் புதிய சர்வர் தேவைப்பட்டது. சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் அந்தப் பழைய வசதியை 2019 பயனர்களுக்கு மட்டும் மீண்டும் தந்திருக்கிறது. அதன் முதல் வெளியீடு 2019-இன் 15-ஆம் சி.யு.-வின் நிரலையே ஏறத்தாழ அப்படியே கொண்டது என்பதால் மேலேற்றம் ஒரு சி.யு. போடும் வேலையளவே ஆகும். ஒருமுறை வாங்கி ஆண்டுக்கணக்கில் ஓட்டும் உரிமம் இதில் இல்லை. சந்தா தொடர வேண்டும், சர்வரும் அண்மைய சி.யு.-களோடு ஒட்டியே வர வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 2019 வைத்திருப்போர் 14 அல்லது 15-ஆம் சி.யு.-வுக்கு வந்துவிட்டு அதே சர்வரில் மேலேறலாம். 2016 வைத்திருப்போர் புதிய சர்வர் அமைத்து மெயில்பாக்ஸ்களை நகர்த்தியாக வேண்டும். அமைப்பில் எங்கேனும் ஒரு 2013 சர்வர், பயன்பாடின்றி அணைந்து கிடந்தாலும் டைரக்டரியில் பதிவோடு இருந்தால், அதை முறைப்படி நீக்கும் வரை புதிய பதிப்பின் நிறுவல் தொடங்காது. ஆகவே இன்னும் மேலேறாத அமைப்புகளைக் காக்கும் நிர்வாகிகள் முதலில் செய்ய வேண்டியது, டைரக்டரியில் பதிவாகியுள்ள எல்லா எக்ஸ்சேஞ்ச் சர்வர்களையும் பதிப்பெண்ணோடு பட்டியலிடும் ஒற்றை வரிக் கட்டளையை இந்த வாரமே ஓட்டிப் பார்ப்பது.